பூங்காச் சங்கிலியைக் கழற்றியது யார்?

குழு: பூங்காத் தெரு வீடுகள்
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:05
நான்: எல்லோருக்கும் வணக்கம். பூங்காவின் பக்கவாட்டு வழியில் இருந்த சங்கிலி மறுபடியும் கழற்றிக் கிடக்கிறது. புல்தரையில் ஆறு கார்கள். நேற்று ராத்திரி நல்ல மழை வேறு. சக்கரம் போன தடத்தில் என் செருப்பு முழுதாகப் புதைந்தது. படம் போடுகிறேன்.

7:11
செயலாளர் சார்: நான்தான் கழற்றச் சொன்னேன். 14ஆம் வீட்டுக்கு விருந்தினர் வந்திருக்கிறார்கள். தெருவில் இடம் இல்லை. இன்று ஒரு நாள்தானே அம்மா.

7:14
14ஆம் வீட்டு அண்ணா: மன்னிக்க வேண்டும். வந்தவர்களில் இரண்டு பேருக்கு முழங்கால் வலி. தூரம் நடக்க முடியாதே என்றுதான் சாரைக் கேட்டேன்.

7:16
நான்: அண்ணா, உங்கள் மேல் வருத்தமே இல்லை. அவர்களை வாசலிலேயே இறக்கிவிட்டு, காரை மட்டும் அப்பால் கொண்டுபோய் நிறுத்தலாம். எனக்குப் பயம் அந்த ‘ஒரு நாள்’ என்ற சொல்லில்தான். இந்த இரண்டு மாதத்தில் இது நான்காவது ‘ஒரு நாள்’.

7:20
எதிர் வீட்டுத் தம்பி: அக்கா, அந்த மூலையில் புல்லே கிடையாதே. வெறும் மண்தானே, நிறுத்தினால் என்ன?

7:24
நான்: தம்பி, புல் ஏன் இல்லை? முதல் தடவை நிறுத்தும்போது அங்கே புல் இருந்தது. கார் நின்றதால் புல் போனது. இப்போது புல் இல்லை என்பதையே காரணமாகச் சொல்லி இன்னொரு கார் வருகிறது. அடுத்த மாதம் அதற்குப் பக்கத்து இடமும் ‘வெறும் மண்’ ஆகிவிடும். பூங்காவைப் பறிக்க யாரும் திட்டம் போட வேண்டியதில்லை, இப்படியே விட்டால் தானாகப் போய்விடும்.

7:31
டீச்சரம்மா: நான் இப்போது அங்கேதான் நிற்கிறேன். ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மண்ணில் குத்திப் பார்த்தேன். ஊஞ்சல் பக்கம் புல்லில் பிடி வரை சுலபமாக இறங்கியது. போன மாதம் கார் நின்ற இடத்தில், இத்தனை மழை பெய்தும், இரண்டு விரல்கடைக்கு மேல் போகவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து குத்திப் பார்க்கலாம்.

7:33
எதிர் வீட்டுத் தம்பி: ஈரம் இருந்தால் மண் இளகத்தானே வேண்டும் டீச்சர்?

7:38
டீச்சரம்மா: நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதி வெற்றிடம்தான். அந்த நுண்துளைகளில்தான் காற்றும் தண்ணீரும் இருக்கும். வேர் மூச்சுவிடுவதும் அதில்தான். ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி ஏறினால் துளைகள் நசுங்கிவிடும். ஈர மண் என்றால் சேதம் இன்னும் ஆழம். பெரும்பங்கு இறுக்கம் முதல் சில தடவை ஏறும்போதே வந்துவிடுகிறது. அதனால்தான் ‘ஒரு நாள்’ என்பதைக் குறைவாக நினைக்க முடியவில்லை.

7:46
7ஆம் எண் தாத்தா: பெரிய மரத்துக்குக் கீழேயும் இரண்டு வண்டி நிற்கிறது. நிழல் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மரத்துக்கு ஒன்றும் ஆகாது அல்லவா?

7:52
டீச்சரம்மா: ஆகும் ஐயா. வேர் எல்லாம் ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான மரங்களுக்கு வேரில் முக்கால்வாசிக்கு மேல் மேல்மண்ணில் இரண்டடிக்குள்தான். கிளை விரிந்த எல்லையையும் தாண்டி அது பரவும். இன்று நசுங்கிய வேருக்கான வாட்டம் உச்சிக் கிளையில் தெரிய சில வருடம்கூட ஆகலாம். அப்போது ‘வயதான மரம், பட்டுவிட்டது’ என்று சொல்லிவிட்டுப் போவோம். கார் நின்றது யாருக்கும் நினைவிருக்காது.

8:10
செயலாளர் சார்: நியாயம்தான். ஆனால் விருந்தினர் வருவதை நிறுத்த முடியுமா? புல் முளைக்கும் ஓட்டைக் கற்கள் பதித்துவிட்டால் காரும் நிற்கும், பச்சையும் இருக்கும். நானே முயற்சி எடுக்கிறேன்.

8:17
நான்: சார், நீங்கள் நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று தெரியும். எப்போதோ வந்துபோகும் வண்டிக்கு அந்தக் கல் சரி. நாள் முழுக்க மேலே கார் நின்றால் அடியில் உள்ள புல்லுக்கு வெயில் ஏது? அதைவிட, கல் பதித்த நாளே ‘இது கார் நிறுத்தும் இடம்’ என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

8:25
மாடி வீட்டு அக்கா: இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் இதே பிரச்சினை பல வருடம் நடந்தது. டவுன்ஸ் என்று பெரிய புல்வெளி. மக்கள் பொழுதுபோக்குக்காக அது என்றைக்கும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று 1861இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அப்படியும் பக்கத்து உயிரியல் பூங்காவுக்கு வரும் கார்களை, கூட்ட நாட்களில் அந்தப் புல்லில் நிறுத்தினார்கள். தற்காலிகம், தற்காலிகம் என்றே பல பத்தாண்டுகள். கடைசியில் அங்குள்ளவர்கள் வழக்குப் போட வேண்டியதாயிற்று. சட்டம் இருந்த இடத்திலேயே இந்தக் கதை. நம்மிடம் இருப்பது ஒரு சங்கிலி.

8:34
செயலாளர் சார்: ஆறு காருக்கு அப்படி எவ்வளவு இடம் போய்விடும்?

8:41
நான்: ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர். திரும்பி வர வழியும் சேர்த்தால் ஏறக்குறைய 25. ஆறு காருக்கு 150 சதுர மீட்டர். 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அவ்வளவு இடத்தில் மட்டும் 3,000 லிட்டர் தண்ணீர் விழும். புல் இருந்தால் அதில் நிறையவே மண்ணுக்குள் போகும். இறுகிய மண்ணில் தேங்கும், இல்லாவிட்டால் தெருவுக்கு ஓடும்.

கணக்கை விடுங்கள் சார். அந்த மூலையில் தினமும் பந்து விளையாடிய பிள்ளைகள் நான்கு பேர் இப்போது வருவதில்லை. ஒருத்தியை வழியில் பார்த்துக் கேட்டேன். “கார்மேல் பந்து பட்டுத் திட்டு வாங்கினோம் ஆன்ட்டி” என்றாள். பூங்காவில் பந்து விளையாடியதற்குப் பிள்ளைக்குத் திட்டு! அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

8:44
14ஆம் வீட்டு அண்ணா: அம்மா, வண்டிகளை இப்போதே எடுக்கச் சொல்லிவிட்டேன். தயவுசெய்து மரத்தடி வழியாக வேண்டாம், வந்த தடத்திலேயே வெளியே போங்கள் என்றும் சொன்னேன். சரிதானே டீச்சர்?

8:45
டீச்சரம்மா: ரொம்பச் சரி. புதுத் தடம் விழாமல் இருக்கும்.

9:02
எதிர் வீட்டுத் தம்பி: அடித்தளத்தில் எங்கள் கார் நிறுத்தும் இடம் ஞாயிறு பகல் முழுக்கக் காலி. விருந்தினர் வருவதை முந்தின நாளே குழுவில் சொன்னால், யார் இடம் காலி என்று சொல்லிவிடலாமே.

9:06
செயலாளர் சார்: என் இடமும் காலிதான். அப்புறம், சங்கிலிக்குப் பதில் தூண் நட மாநகராட்சிக்கு எழுதுகிறேன். சங்கிலி இருந்தால் என் கையே சும்மா இருக்காது, யாராவது கேட்டால் கழற்றிவிடுவேன்.

9:09
நான்: நன்றி சார். தூணுக்குத் தூண் ஏறக்குறைய 1.2 மீட்டர் இடைவெளி கேளுங்கள். கார் நுழையாது, சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தாராளமாகப் போகும். ஆம்புலன்சுக்காக ஒரு தூண் மட்டும் பூட்டோடு கழற்றுகிற மாதிரி இருக்கட்டும். சாவி மாநகராட்சியிடம் இருக்கட்டும்.

9:15
7ஆம் எண் தாத்தா: மரத்தடியைக் கொத்திவிடலாமா?

9:18
டீச்சரம்மா: மண்வெட்டி வேண்டாம் ஐயா, மிச்சமுள்ள வேரும் அறுந்துவிடும். நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பினால் போதும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் தள்ளி. மண்புழு மெதுவாக மண்ணை இளக்கிவிடும்.

9:20
7ஆம் எண் தாத்தா: எங்கள் வீட்டுப் பின்னால் மூன்று சாக்கு சருகு இருக்கிறது. நாளைக் காலை ஆறரைக்கு வருகிறேன். தூக்க ஒரு ஆள் வேண்டும்.

9:21
எதிர் வீட்டுத் தம்பி: நான் வருகிறேன் தாத்தா.