உட்சாய்வா, முன்னொடுக்கமா? சைடுகார் பொருத்தும் சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பைக்கில் சைடுகார் (பைக்கின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு மாட்டும் இருக்கை வண்டி) பூட்டும் வேலைக்கு வேண்டிய சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மூன்று நான்கு சொற்களில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒன்றில் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எளிதானதை முடித்துவிடலாம்.

> சைடுகாருக்குப் பக்கவண்டி.

சரி, இருக்கட்டும். ஆனால் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்குகிற சைடுகாரை விரட்டிவிட்டுத்தான் இது உள்ளே வரவேண்டும் என்றில்லை. இரண்டும் அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கட்டும். சைடுகார் பூட்டிய பைக்கை "மூன்று சக்கர வண்டி" என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, கழற்றி மாட்டக்கூடிய சைடுகாரையும் அதன் கூடுதல் சக்கரத்தையும் சேர்த்தே மோட்டார் சைக்கிளை இரு சக்கர வாகனம் என்று வரையறுக்கிறது. தரையில் எண்ணினால் மூன்று, சட்டத்தில் இரண்டு! மூன்று சக்கர வண்டி என்றால் நம் ஆட்களுக்கு ஆட்டோதான் நினைவுக்கு வரும்.

இனி தகராறுக்கு வருகிறேன்.

> டோ-இன்: உட்சாய்வு. லீன்-அவுட்: வெளிச்சாய்வு. ஜோடியாக அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் ஆபத்து. ஒன்று உள், இன்னொன்று வெளி, இரண்டிலும் சாய்வு. படிப்பவர் இவை ஒரே அளவின் இரு எதிர்முனைகள் என்றுதான் எடுத்துக்கொள்வார். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. டோ-இன் என்பது மேலிருந்து பார்த்தால் தெரிவது: சைடுகார் சக்கரத்தின் மூக்கு பைக்கை நோக்கி லேசாகத் திரும்பியிருக்கும். லீன்-அவுட் என்பது பின்னாலிருந்து பார்த்தால் தெரிவது: பைக் நேராக நிற்காமல் சைடுகாரை விட்டு எதிர்ப்பக்கமாக ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்திருக்கும். முன்னதை, சைடுகாரை பைக்கோடு கவ்வும் கீழ்ப்பிடிகளை உள்ளே வெளியே நகர்த்திச் சரிசெய்கிறோம். பின்னதற்கு, இரண்டையும் மேலே இணைக்கும் கம்பிகளான மேல் ஸ்டே ராடுகளை மரை திருகி நீட்டவோ குறைக்கவோ வேண்டும்.

"உட்சாய்வு 15 மி.மீ. வை" என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் பட்டறையில் என்ன நடக்கும்? சாய்வு என்றதும் கை மேல் ராடுக்குப் போகும். ராடைக் குறைத்தால் பைக்கின் தலை சைடுகார் பக்கம் வரும். அப்புறம் வண்டி சாலையில் விடாமல் சைடுகார் இருக்கும் இடது பக்கம் இழுக்கும். ஓட்டுகிறவர் தோள் கழன்றுபோகிற அளவுக்கு ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வருவார். அளவு சரியாக இருந்தும் சொல்லால் வேலை கெடும்.

அதனால் சொல் அளக்கும் டேப்பிலிருந்து பிறக்க வேண்டும் என்பது என் கட்சி. டோ-இன் அளக்கும் முறையைப் பாருங்கள். சமதளத் தரை. பைக்கின் முன், பின் சக்கரங்களை ஒட்டி நேரான நீளச் சட்டம் ஒன்று, அலுமினியச் சதுரக் குழாய் இருந்தால் நல்லது. இரண்டு டயரும் ஒரே அகலமாக இராது, அதனால் ஒல்லியான டயரின் பக்கம் சக்கை வைத்து ஈடுகட்ட வேண்டும். சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொரு சட்டம். பைக்கின் முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு சட்டங்களுக்கும் இடையே டேப் பிடித்து ஓர் அளவு, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஓர் அளவு. முன் அளவு பின் அளவைவிட அரை முதல் முக்கால் அங்குலம் குறைவாக வந்தால் பொதுவாகச் சரி. கண்முன்னே நடப்பது இவ்வளவுதான்: முன்னால் இடைவெளி ஒடுங்குகிறது. ஆகவே முன்னொடுக்கம்.

"ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறை ஞாபகம் வராதா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். சந்து ஒடுக்கமாக இருக்கிறது, வாசல் ஒடுக்கம், பீரோ நுழையாது என்றெல்லாம் தினமும் சொல்கிறோமே. வினையாகவும் வளைகிறது: "முன்னே இன்னும் கொஞ்சம் ஒடுக்கு." எதிர்ச்சொல்லும் தயார், முன்விரிவு. கார், லாரி முன்சக்கரங்களுக்கும் இதே அளவுதான், அங்கேயும் மாற்றமில்லாமல் பொருந்தும். "விரல் உள்நோக்கல்" என்று வந்த யோசனைக்கு இந்த வசதி எதுவும் இல்லை. சக்கரத்துக்கு ஏது விரல்?

> அலைன்மென்ட் போதுமே, மெக்கானிக் அண்ணன் அதைத்தானே சொல்கிறார்?

சொல்கிறார். மூன்று நான்கு அளவுகளையும் அந்த ஒரே சொல்லில்தான் சொல்கிறார். அவர் கை பழகிய கை, சமாளித்துவிடும். எழுத்தில் படித்துச் செய்கிறவருக்கு அது போதாது.

லீன்-அவுட்டுக்கு வெளிச்சாய்வையே வைத்துக்கொள்ளலாம். சாய்வு என்ற சொல்லை இதற்கு மட்டும் ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீர்ந்தது. சாய்வது பைக், சைடுகார் அல்ல என்பதை விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். "வலச்சாய்வு" என்ற மாற்று வேண்டாம். நமக்கும் இலங்கைக்கும் பிரிட்டனுக்கும் சைடுகார் இடது பக்கம், அதனால் பைக் வலது பக்கம் சாயும். ஜெர்மனியில் எல்லாம் தலைகீழ். நியூரம்பர்க்கின் ஸ்டைப் நிறுவனத்துச் சைடுகாரை பிஎம்டபிள்யூவின் வலது பக்கம் பூட்டுவார்கள், பைக் இடது பக்கம் சாயும். இடம் வலம் கலந்த சொல் எல்லை தாண்டாது.

லீட் என்பதற்கு வந்த "முன்னிலை" எனக்கு ஒப்பவில்லை. பாதிப்பேருக்குத் தேர்தல் முடிவு நினைவுக்கு வரும், மீதிப்பேருக்கு இலக்கணம். சைடுகார் சக்கரத்தின் அச்சு, பைக்கின் பின்சக்கர அச்சைவிட எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் அது. பெரும்பாலும் 6 முதல் 12 அங்குலம். குறைந்துபோனால், சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் வேகமாகத் திரும்பும்போது சைடுகாரின் மூக்கு தரையைப் பார்த்துக் குனியும், பின்சக்கரம் தூக்கும். கூடிப்போனால் ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும். முந்தல் என்று வைக்கலாம், முழுதாக எழுத வேண்டிய இடத்தில் அச்சு முந்தல். போடி பக்கத்து முந்தல் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சைடுகாரைப் பிடிக்க பைக்கின் சட்டகத்தோடு கூடுதலாகப் பூட்டும் சப்-ஃப்ரேமுக்குத் துணைச்சட்டம் வேண்டாம், துணைச்சட்டகம் என்று எழுதுவோம். இல்லாவிட்டால் சட்டசபையில் நிறைவேற்றியது போல இருக்கும். இந்தச் சொல் நமக்கு அவசியம். ஏனென்றால் 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் பழைய சட்டகத்தில் எஞ்சினுக்கு அடியில் குழாயே கிடையாது, எஞ்சினே சட்டகத்தின் ஒரு பகுதியாக நிற்கிறது. கீழ் முன்பிடியைக் கவ்வ இடமில்லாததால் தனியாக ஒரு துணைச்சட்டகம் செய்து போட்டால்தான் நிம்மதி. சைடுகாருக்கென்றே சட்டகத்தில் துளையோடு வைத்த பிடிகளைப் பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் பார்க்கலாம். அதற்குக் காது என்ற சொல்லே போதும். முன்பிடியிலிருந்து மேலேறி வளையும் குழாயை அன்னக்கழுத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். அன்னத்தை யார் பார்த்தார்கள்? வளைகழுத்து என்றால் எந்த வெல்டருக்கும் புரியும்.

மிச்சம் இருப்பது ட்ரெயில். இதற்கு என்னிடமும் நல்ல சொல் இல்லை. ஸ்டியரிங் அச்சின் கோட்டை அப்படியே தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் புள்ளி அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிதான் ட்ரெயில். தனியாக ஓடும்போது பைக்கை நேராக வைத்திருப்பது இதுவே, சைடுகார் பூட்டியதும் ஸ்டியரிங்கைக் கல்லாக்குவதும் இதுவே. 1955-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்50 வரிசையின் ஏர்ல்ஸ் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஒரு வகைக் கவை) கீழ்க்கையின் அச்சாணிக்கு இரண்டு துளைகள் உண்டு, ஒன்று தனி ஓட்டத்துக்கு, மற்றது சைடுகாருக்கு. துளையை மாற்றினால் ட்ரெயில் குறையும். "பின்தங்கல்" என்று ஒரு யோசனை வந்தது, அது மாநிலத் திட்ட அறிக்கை வாசனை அடிக்கிறது. இழுவை ஏற்கெனவே டிராக்டருக்குப் போய்விட்டது. ஃபோர்க் மெக்கானிக் ஒருவர் மில்லிமீட்டரோடு சேர்த்து வாயால் சொல்லக்கூடிய சொல்லாகப் பார்த்து அனுப்புங்கள். வால் என்று தொடங்கும் எதுவும் வேண்டாம்.

அன்புடன்.