புதுப்பிப்பு: லீ-என்ஃபீல்ட் பேயனெட் பத்தி

லண்டன் சந்தையில வாங்குன லீ-என்ஃபீல்ட் பேயனெட் (பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி) போட்டோ போட்டு இது எந்த வருஷம், என்ன விலை போகும்னு கேட்டிருந்தேன்ல, பாதி பேர் "1907னு போட்டிருக்கே"ன்னு சொன்னீங்க, அது மாடலோட வருஷம்ங்க, எல்லாத்துலயும் அதேதான் இருக்கும். லென்ஸ் வச்சுப் பார்த்தா அதுக்குக் கீழ சின்னதா 10 '17 இருக்கு, அதாவது 1917 அக்டோபர், அதுக்கும் கீழ சாண்டர்சன், ஷெஃபீல்டு கம்பெனி. மறுபக்கம் அம்புக்குறியும் (பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துன்னு அர்த்தம்) X-உம், X-னா பிளேடை வளைச்சு டெஸ்ட் பண்ணது.

கைப்பிடி முனையில இருக்கிற ஓட்டையை யாரோ பின்னாடி போட்டதுன்னு ஒருத்தர் சொன்னார், இல்லங்க, 1916-ல இருந்து ஃபேக்டரியிலயே போட்டாங்க, பழசுலயும் நிறைய துளைச்சாங்க.

விலைன்னு பார்த்தா இது சாதா ரகம்தான், லட்சக்கணக்குல செஞ்சது. காசு கொட்டுறது கைப்பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல இருக்கிற குறுக்குப் பட்டையில கொக்கி வச்ச பழசுக்கு, 1913-ல கொக்கியை நிறுத்திட்டாங்க, இருந்ததுலயும் பலதை வெட்டிட்டாங்க. அதான் போலிக் கொக்கி வெல்ட் பண்ணி விக்கிறானுங்க, 17-னு தேதி போட்டதுல கொக்கி இருந்தா ஓடிருங்க!

தோல் உறை தையல் பிரியாம இருக்கு, அதுக்கே கொஞ்சம் கூடக் கிடைக்கும். பாலிஷ் போடச் சொன்ன புண்ணியவான்களே, வேணாம், முத்திரை தேஞ்சா விலையும் போச்சு. லேசா எண்ணெய் மட்டும் தடவியிருக்கேன், விக்கிற ஐடியா இப்போதைக்கு இல்ல.