48 வயதில் ப்ரோக்ரஸிவ் கண்ணாடிக்கு மாறலாமா, இரண்டு கண்ணாடியே போதுமா?

டி.எச். ரோடு ஹார்டுவேர்
தண்டையார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 48. தூரத்துக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25, சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டுமான பவர், 0.50. இப்போது கிட்டத்துக்கு ஆட் (தூரப் பவரோடு கூட்ட வேண்டியது) 1.75 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பைக்குக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துச் சமாளிக்கிறேன். கடையில்தான் தொல்லை. ஸ்க்ரூ பாக்கெட்டில் பொடியாக அச்சடித்த அளவைப் படிக்க ஒன்று, மேல் ரேக்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்னொன்று. பில் போடும் கம்ப்யூட்டருக்கு இரண்டுமே சரிப்படவில்லை. கண்ணாடிக் கடைக்காரர், "ப்ரோக்ரஸிவ் போட்டுடுங்க சார், ஒரே கண்ணாடியில எல்லாம் முடிஞ்சுடும்" என்கிறார். மேலே தூரம், நடுவே கம்ப்யூட்டர், கீழே கிட்டம் என்று பவர் கோடில்லாமல் மாறும் லென்ஸாம். 14,000 ரூபாய் சொல்கிறார். போட்டவர்கள் சொல்லுங்கள்.

விம்கோ நகர்வாசி
போடுங்கள் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். எனக்குக் கன்டெய்னர் யார்டில் டாக்குமென்ட் வேலை. கையில் பேப்பர், எதிரே மானிட்டர், கண்ணாடிச் சுவருக்கு வெளியே லாரி நம்பர், மூன்றும் மாறி மாறி வரும். ப்ரோக்ரஸிவ் போட்ட புதிதில் படியிறங்கும்போது தரை மேலே எழும்பி வருவதுபோல இருந்தது உண்மை. கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இப்போது காலையில் மாட்டினால் ராத்திரிதான் கழற்றுகிறேன். உங்கள் கடைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை.

வியாசை கேரம்
நான் இதற்கு எதிர்ப்பு. "ஒரே கண்ணாடியில் எல்லாம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள், அதுதான் பொய். லென்ஸின் மேல்பகுதி தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு, இரண்டையும் சேர்க்கிற ஒடுக்கமான சந்து நடுவில். சந்துக்கு இடமும் வலமும் கலங்கல். சரி, பைக்கின் சைடு மிரர் எங்கே இருக்கிறது? கீழே, ஓரத்தில். கண்ணை மட்டும் நகர்த்திப் பார்த்தால் சரியாகக் கலங்கலில் போய் விழும். தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகு என்பார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பின்னால் டிரெய்லர் உறுமிக்கொண்டு வரும்போது பழகிப் பாருங்கள்.

எங்கள் கிளப்பில் ஒருத்தர் இதைப் போட்டுக்கொண்டு ஆட வந்தார். போர்டு 74 செ.மீ. சதுரம். கிட்ட இருக்கும் காய் அரை மீட்டருக்குள், எதிர் மூலை பாக்கெட் ஒரு மீட்டர் தள்ளி. குனிந்து குறுக்காகக் குறி வைக்கும்போது நேர்க்கோடே வளைகிறது என்றார். கேரமில் கோடு வளைந்தால் அப்புறம் என்ன ஆட்டம்?

விம்கோ நகர்வாசி
கேரம் ஆடத் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளட்டும் தலைவரே. அண்ணன் கேட்டது கடைக்கு.

ராயபுரம் கணக்கு டீச்சர்
இருவரும் அவர் பவரைக் கவனிக்கவில்லை. மைனஸ் 1.25 என்றால் கண்ணாடியே இல்லாமல் தெளிவாகத் தெரியும் தூரம் 1 ÷ 1.25, அதாவது 0.8 மீட்டர். பில் போடும் கம்ப்யூட்டர் எங்கே இருக்கும்? 60, 70 செ.மீ.யில். அதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றினாலே போதும். ஸ்க்ரூ பாக்கெட்டைக்கூடக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் படித்துவிடலாம். படிக்கிற கண்ணாடி என்று அவர் வைத்திருப்பதன் பவர் என்ன? மைனஸ் 1.25-உடன் 1.75-ஐக் கூட்டினால் பிளஸ் 0.50. அதைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தால் மங்கத்தான் செய்யும். 14,000 கொடுப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு நாள் பில் போட்டுப் பாருங்கள் சார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இது மைனஸ்காரர்களுக்குக் கிடைக்கும் சலுகை. பிளஸ்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்கு வயது கூடக் கூட தூரமும் போகும், கிட்டமும் போகும்.

டி.எச். ரோடு ஹார்டுவேர்
டீச்சர், இப்போதே கழற்றிப் பார்த்தேன், கம்ப்யூட்டர் நன்றாகத் தெரிகிறது! ஆனால் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. கடன் சொல்ல வருகிறாரா, கடனைக் கட்ட வருகிறாரா என்பது முகத்தில்தானே தெரியும். அப்புறம் கழற்றிய கண்ணாடி ஆணி டப்பாவுக்குள் போய்விடுகிறது.

எம்.சி. ரோடு டெய்லர்
யாருமே பைஃபோகலைப் பற்றிப் பேசவில்லையே. நான் டி பைஃபோகல் போடுகிறேன், மேலே தூரம், கீழே டி எழுத்து வடிவத்தில் கிட்டம், நடுவில் ஒரு கோடு. கீழே கிட்டத்துக்கான ஜன்னல் அகலமாக இருக்கிறது, ஓரத்தில் கலங்கல் இல்லை, நேராக ஓடும் தையல் நேராகவே தெரிகிறது. விலையும் அவர் சொன்னதில் ஒரு சிறு பங்குதான். கோடு தெரிகிறது, வயசாளி மாதிரி இருக்கிறது என்பதற்காகவே பாதிப் பேர் ப்ரோக்ரஸிவுக்குப் போகிறார்கள். 48 வயதுக்காரர் 48 மாதிரி தெரிந்தால் என்ன குறை?

விம்கோ நகர்வாசி
பாய், பைஃபோகலில் நடுத் தூரம் எங்கே? மேலே பார்த்தால் வாசல், கீழே பார்த்தால் பாக்கெட். கம்ப்யூட்டருக்கு மோவாயைத் தூக்கிக்கொண்டு கழுத்து வலியோடு உட்கார வேண்டும். கண் அந்தக் கோட்டைத் தாண்டும்போது பொருள் ஒரு குதி குதிக்கும், அதையும் சொல்லுங்கள்.

எம்.சி. ரோடு டெய்லர்
குதிக்கும்தான். ஆனால் எங்கே குதிக்கும் என்று எனக்குத் தெரியும் தம்பி. உங்கள் கண்ணாடியில் எங்கே கலங்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

மிண்ட் லென்ஸ் ஃபிட்டர்
லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் ஏற்றுவது என் தொழில். இரண்டு பக்கமும் பாதி பாதிதான் சொல்கிறீர்கள்.

பக்கவாட்டுக் கலங்கல் லென்ஸின் குறையல்ல, வடிவியல். நடுச் சந்தில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதற்கு இரண்டு மடங்கு வேகத்தில் ஓரத்தில் வேண்டாத சிலிண்டர் சேரும். மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணிதக்காரர் 1963-லேயே நிறுவிவிட்டார். விலை கூடிய லென்ஸ் அந்தக் கலங்கலை அழிப்பதில்லை, எங்கே ஒதுக்குவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். "எங்க லென்ஸ்ல ஓரம் கலங்கவே கலங்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆட் 1.00-இல் தெரியாத கலங்கல் 2.50-இல் முகத்தில் அடிக்கும். மாறுவதென்றால் ஆட் குறைவாக இருக்கும்போதே மாறுவது சுலபம், அது மட்டும் ப்ரோக்ரஸிவ் பக்கத்து நியாயம்.

ஆனால் "போட்டேன், தலை சுற்றியது, டிராயரில் கிடக்கிறது" என்று வருகிறவர்கள் கண்ணாடியை வாங்கிப் பார்த்தால், நிறைய இடத்தில் லென்ஸ் நல்ல லென்ஸ், அளவுதான் தப்பு. ஒவ்வொரு கண்ணுக்கும் மூக்கு நடுவிலிருந்து கண்பாப்பா வரைக்கும் உள்ள தூரத்தை, அதாவது பி.டி.யை, தனித்தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டி 64 என்று எழுதி ஆளுக்குப் பாதி 32 என்று போடுவது ப்ரோக்ரஸிவுக்கு ஆகாது, ஏனென்றால் சந்து சில மில்லிமீட்டர்தான். நீங்கள் வாங்கும் அதே ஃப்ரேமை மாட்டி, மூக்குத் தாங்கியைச் சரிசெய்து, நேராகப் பார்க்கச் சொல்லி, கண்பாப்பா நடுவில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து ஃப்ரேமின் அடி வரைக்கும் உள்ளதுதான் ஃபிட்டிங் உயரம். இப்போது எல்லாரும் கேட்கிற ஒடுக்கமான ஃப்ரேமில் அந்த உயரம் பத்தாது. பத்தாவிட்டால் படிக்கிற பகுதியைத்தான் வெட்டி எறிகிறோம்! பேனா எடுக்காமலே ஆர்டர் எழுதுகிற கடையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வந்த லென்ஸ் ப்ரோக்ரஸிவ்தானா என்று பார்க்கவும் வழி உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பொடிக் குறிகள் தெரியும். காதுப் பக்கத்துக் குறியின் கீழே ஆட் எண் இருக்கும், உங்களுக்கு 1.75 என்றால் 17 அல்லது 175 மாதிரி.

பெரம்பூர் லோகோ
வயது 67, ரயில்வேயில் இருந்து ஓய்வு. சிறுசுகள் யாரும் படிக்கட்டைப் பற்றிப் பேசவில்லை. பைஃபோகலோ ப்ரோக்ரஸிவோ, கீழ்ப்பகுதி கிட்டத்துக்கானது. படியிறங்கும்போது கால் வைக்கும் இடத்தை அந்தப் பகுதி வழியாகத்தான் பார்க்கிறோம், அதனால் மங்கும். ஆஸ்திரேலியாவில் இந்த வகைக் கண்ணாடி போடும் முதியவர்கள் 606 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. பாதிப் பேருக்கு வெளியே போகும்போது மாட்ட தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி கொடுத்தார்கள். வெளியே நன்றாக நடமாடுகிறவர்களிடம் கீழே விழுவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. ரயில்வே மேம்பாலப் படியில் ஏறி இறங்குகிறவன் நான். ஒரே கண்ணாடி என்ற பேச்சே எனக்கு வேண்டாம்.

விம்கோ நகர்வாசி
ஐயா, அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லுங்கள். அதிகம் வெளியே போகாதவர்களிடம் வெளியில் விழுவது கூடத்தான் செய்தது. கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான்.

பெரம்பூர் லோகோ
ஹார்டுவேர்காரர் வெளியே போகாதவரா? பைக்கில் சரக்கெடுக்கப் போகிறவர் தம்பி.

டி.எச். ரோடு ஹார்டுவேர்
கடைக்குள்ளேயே எனக்கு ஏணி உண்டு ஐயா. அதை நான் யோசிக்கவே இல்லை.

புதுவண்ணை பையன்
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சொட்டு மருந்து விட்டால் படிக்கிற கண்ணாடியே வேண்டாம் என்று செய்தி வந்ததே? அப்பா கேட்கச் சொன்னார்.

ராயபுரம் கணக்கு டீச்சர்
அது 2024 கதை தம்பி. ஆகஸ்டில் அனுமதி கிடைத்ததும் ஊரெல்லாம் விளம்பரமாகப் பேசினார்கள், அடுத்த மாதமே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. அதில் இருந்தது பைலோகார்பின், கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு ரொம்ப காலமாகக் கொடுக்கிற மருந்து. கண்பாப்பாவைச் சுருக்கும், அதனால் சில மணி நேரம் கிட்டத்தில் தெளிவு கூடும், அவ்வளவே. கண்ணுக்குள் இறுகிப்போன லென்ஸ் இளகாது. அப்பாவை டாக்டரிடம் கேட்கச் சொல்லு.

நர்ஸ் அக்கா, மூலக்கொத்தளம்
பவர் எப்போது எடுத்தீர்கள் அண்ணா? சுகர் பார்த்தீர்களா? சுகர் ஏறி இறங்கும்போது கண்ணாடி பவரும் கூடியும் குறைந்தும் போகும். சுகர் 300-இல் இருக்கும்போது பவர் எடுத்து, மாத்திரை போட்டுக் குறைந்ததும் "கண்ணாடி தப்பு" என்று கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 40 தாண்டிவிட்டால் பவர் மட்டும் பார்த்தால் போதாது. கண் அழுத்தம், விழித்திரை இரண்டையும் பார்க்க வேண்டும். ஸ்டான்லியில் கண் பிரிவு இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் இருந்து இருக்கிறது, நம் பக்கத்திலிருந்து ரொம்ப தூரமும் இல்லை. வரிசையில் நிற்க வேண்டும், அது உண்மை.

லோகோ ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. இந்த வயதில் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்க வந்துவிட்டால் சந்தோஷப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், கண்புரை இறங்கும்போதும் அப்படி ஆகும்.

வியாசை கேரம்
பார்த்தீர்களா, 14,000 ரூபாய்க் கதை எங்கே போய் நிற்கிறது. நான் சொல்வது: பைக்குக்குத் தூரக் கண்ணாடி, கடைக்குப் பைஃபோகல், கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. மொத்தம் 4,000-க்குள் முடியும்.

விம்கோ நகர்வாசி
பைஃபோகலைப் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறச் சொல்கிறீர்களா?

வியாசை கேரம்
உங்கள் ப்ரோக்ரஸிவ் மட்டும் ஏணிக்கு என்ன செய்யும்? அதிலும் கீழே கிட்டத்துப் பவர்தானே.

மிண்ட் லென்ஸ் ஃபிட்டர்
ஏணிக்கு இரண்டுமே வேண்டாம், தூரக் கண்ணாடியோடு ஏறுங்கள். கடைக்குள் மட்டும் போட, கம்ப்யூட்டர் தூரத்துக்கும் கைத் தூரத்துக்கும் அகலமான இடம் தருகிற ஆபீஸ் லென்ஸ் என்று ஒன்று உண்டு. சந்து அகலம், கலங்கல் குறைவு. ஆனால் வாசலில் நிற்பவர் முகம் கொஞ்சம் மங்கும், பைக் ஓட்டவே கூடாது. கடன்காரரைப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் ப்ரோக்ரஸிவ்தான் வழி.

டி.எச். ரோடு ஹார்டுவேர்
கடன்காரர்தான் முக்கியம் சார்! திங்கட்கிழமை சுகர் பார்க்கப் போகிறேன், அப்புறம் எழும்பூர். பவர் இதேதான் என்று அங்கேயும் சொன்னால் ப்ரோக்ரஸிவ் ஒன்று, கடைக்குள் போட மட்டும். பைக்குக்கும் ஏணிக்கும் பழைய தூரக் கண்ணாடியே இருக்கட்டும். 14,000 கேட்கிறாரே, பழகாவிட்டால் என்ன செய்வது?

மிண்ட் லென்ஸ் ஃபிட்டர்
பணம் கட்டுவதற்கு முன்னால் அதைக் கேளுங்கள். பழகாவிட்டால் லென்ஸை மாற்றித் தரும் ஏற்பாடு நிறையக் கம்பெனிகளுக்கு உண்டு, எத்தனை நாளுக்குள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 14,000-இல் லென்ஸ் எவ்வளவு, கோட்டிங் எவ்வளவு, ஃப்ரேம் எவ்வளவு என்று பிரித்தும் கேளுங்கள். ராத்திரி எதிரே வரும் ஹெட்லைட் தெறிக்காமல் இருக்கும் கோட்டிங்கை உங்கள் பைக் கண்ணாடிக்குப் போடுங்கள், அங்கேதான் அது தேவை.

எம்.சி. ரோடு டெய்லர்
பழகாவிட்டால் நேரே என் கடைக்கு வாங்க, என் பைஃபோகலை மாட்டிப் பாருங்கள். பவர் ஒத்துவராது, ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.