ஆறு நாள் என்னிடம் இருந்த காட்டு வாத்துக் குஞ்சு

ஏரிக்கரைப் புல்லில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. கிரேலாக் என்ற சாம்பல் நிறப் பெரிய வாத்து இனம். முட்டை ஓட்டை உடைத்து வெளியே வர உதவும் அந்தச் சின்ன வெள்ளைப் பல் அலகு நுனியில் இன்னும் உதிரவில்லை. பொரிந்து ஓரிரண்டு நாள்தான் ஆகியிருக்கும். தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தேன். தாய் வரவில்லை. கொஞ்ச தூரத்தில் பெரிய இறகுகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

முதலில் வனவிலங்கு மீட்பு மையத்துக்குப் போன் செய்தேன். பல நாடுகளில் அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையை வைத்திருப்பதே குற்றம், அதனால் இப்படிப் போன் செய்வதைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். அவர்கள் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வெப்ப விளக்கு, சூடு அதிகமானால் அது விலகிப் போக மறுபக்கம் இடம். முதல் நாளிலிருந்தே பசும்புல். ரொட்டி கூடவே கூடாது. நீந்தவும் விடவில்லை: தாயின் அணைப்பில்லாத குஞ்சின் தூவி சீக்கிரம் நனைந்து குளிரில் விறைத்துவிடும்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. இரண்டாம் நாளே என் காலைத் தொடர்ந்து ஓடி வந்தது. நின்றால் நிற்கும், என் செருப்பின் மேல் ஏறித் தூங்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸைத் தாயாகவே நினைத்து அவர் பின்னால் கிரேலாக் குஞ்சுகள் வரிசையாக நடந்ததையும், 1973இல் அவர் நோபல் பரிசு பெற்றதையும் படித்து வியந்திருக்கிறேன். என் காலடியில் அதுவே நடந்தபோது நெஞ்சு கனத்தது. அப்புறம் அதனிடம் பேசுவதை நிறுத்தினேன். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி வைத்தேன். அதில் தெரிந்த உருவத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

ஆறாம் நாள், இதே அளவுக் குஞ்சுகளோடு ஒரு ஜோடி கரையில் மேய்வதாக மையத்திலிருந்து சொன்னார்கள். அளவு ஒத்திருந்தால் காட்டு வாத்துகள் பிறர் குஞ்சையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். கீழே விட்டேன்; திரும்ப என்னிடமே ஓடி வந்தது. இரண்டாவது முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை விட்டுவிட்டு நாணல் மறைவில் குனிந்துகொண்டேன். அது கத்தக் கத்த எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பக்கக் குஞ்சுகள் பதிலுக்குக் கத்தின. பெண் வாத்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னது. இது சட்டென்று திரும்பி ஓடியது. ஆண் வாத்து கழுத்தை நீட்டிச் சீறியது, ஆனால் கொத்தவில்லை. தண்ணீரில் இறங்கியபோது தாய் முன்னால், குஞ்சுகள் நடுவில், தகப்பன் கடைசியில். தகப்பனுக்கு முன்னால் நீந்தியது என் குஞ்சு.

*

உங்கள் பதிவைப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. என்னிடமும் இப்படி ஒரு குஞ்சு இருந்தது. நான் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. பாவம், கொஞ்சம் வளரட்டும் என்று பறக்கும் வயது வரை வைத்திருந்தேன். பெரிய தப்பு. சுமார் எட்டு வாரத்தில் இறக்கை முளைத்தது, ஆனால் வாத்துக் கூட்டத்தைக் கண்டாலே என் பின்னால் ஒளிந்தது. தினமும் மாலையில் அவை மேயும் இடத்தில் அதோடு உட்கார்ந்திருப்பேன். மற்றவை கொத்தி விரட்டும், இது தள்ளித் தனியாகப் படுக்கும். குளிர்காலத்துக்கு முன் கூட்டம் கிளம்பியபோது பின்னாலேயே பறந்தது. அன்று மாலையே என் விசிலுக்குத் திரும்பி வந்துவிட்டது. நான்கு நாள் இப்படியே. ஐந்தாம் நாள் நான் விசிலடிக்கவில்லை. அது வரவும் இல்லை.

உங்கள் குஞ்சை மறுநாள் போய்ப் பார்த்தீர்களா அக்கா?

*

பார்த்தேன் தம்பி. தூரத்திலிருந்து பைனாகுலரில்தான். எது என் குஞ்சு என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. எண்ணிப் பார்த்தேன். அந்த ஜோடிக்கு முன்பு ஐந்து குஞ்சுகள். இப்போது ஆறு.