வெள்ளத்தில் வீடு நனைந்தது: "டிரெய்னேஜ் தண்ணீர்" என்றால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

வியாசைவாசி:

வணக்கம் நண்பர்களே. எம்.கே.பி. நகர் பக்கம் தரைத்தளத்தில் சொந்த வீடு, லோன் இன்னும் முடியவில்லை. போன வாரம் விடிய விடிய அடித்த மழையில் முதலில் பாத்ரூம் ஜாலி வழியாகக் கொப்பளித்துக்கொண்டு தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் தெருவில் நின்றதும் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, முழங்கால் அளவு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் முங்கிவிட்டன, பிளைவுட் கட்டில் ஊறிப் பிரிந்துவிட்டது, சம்ப்பில் சாக்கடை கலந்து மோட்டாரும் ஓடவில்லை.

லோன் போடும்போதே வீட்டுக்கு இன்சூரன்ஸ் என்று பணம் பிடித்திருந்தார்கள். போன் செய்து கிளைம் நம்பர் வாங்கிவிட்டேன். ஆனால் போனில் பேசிய பையன் "மழைத் தண்ணியா சார், சாக்கடைத் தண்ணியா?" என்றான். இரண்டும்தான் என்றேன். "டிரெய்னேஜ் பிரச்சனைன்னா கவர் ஆகாது சார்" என்று சொல்லிவிட்டான். எங்கள் ஏரியாவில் மழையையும் சாக்கடையையும் யாரால் பிரித்துப் பார்க்க முடியும், சொல்லுங்கள்.

நாளை மறுநாள் சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருகிறாராம். அதுவரை மெத்தை, கட்டில் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டுமா? அம்மாவுக்கு ஆஸ்துமா, நாற்றம் தாங்கவில்லை. இன்னொன்று, கட்டிலும் பீரோவும் கல்யாணச் சீர், பில் என்று எதுவுமே கிடையாது.

பெரம்பூர் பழைய ஏஜென்ட்:

தம்பி, போனை எடுப்பவருக்குக் கிளைமை மறுக்கிற அதிகாரம் கிடையாது, அதற்காகக் கலங்க வேண்டாம். ஆனால் நீங்கள் சொன்னதை அவர் எப்படிப் பதிந்துகொண்டார் என்பதுதான் கவலை. "டிரெய்னேஜ் லீக்" என்று இரண்டு வார்த்தையில் போட்டிருந்தால் ஃபைலைப் பார்க்கிற ஒவ்வொருவரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதனால் இன்றைக்கே கிளைம் நம்பர் போட்டு ஒரு மெயில் அனுப்புங்கள், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள்: விடாத மழை, தெருவில் தண்ணீர் தேங்கியது, வடிய வழியில்லாமல் ஜாலி வழியாக எதிர்த்து வந்தது, பிறகு வாசல் வழியாகவும் புகுந்தது, இத்தனை அடி நின்றது. ஒரு வரி கூட்டிச் சொல்லத் தேவையில்லை, உண்மையே உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

ஏன் சொல்கிறேன் என்றால், 2021 ஏப்ரல் 1 முதல் ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வீடுகளுக்கு விற்பது பெரும்பாலும் பாரத் கிருஹ ரக்ஷா என்கிற பொது பாலிசி. யாரிடம் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதில் புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தாலோ நிரம்பி வழிந்தாலோ அதுவும் இருக்கிறது. பாலிசி பார்ப்பது தண்ணீர் ஏன் வந்தது என்பதை. அது கறுப்பாக இருந்ததா, நாறியதா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். மழையே இல்லாத நாளில் உங்கள் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டு பொங்கியிருந்தால் கதை வேறு.

அந்த பாலிசி இன்னும் கையில் இல்லை என்று நினைக்கிறேன். பேங்கில் கேட்டு முழு வாசகத்தையும் வாங்குங்கள், ஒரு பக்க சர்டிஃபிகேட் போதாது. லோனோடு பிடிக்கிற இன்சூரன்ஸ் பல பேருக்கு வீட்டுக்கே இருக்காது, கடன் வாங்கியவர் உயிருக்கு எடுத்ததாக இருக்கும், வெள்ளம் வந்த அன்றைக்குத்தான் அது தெரியவரும். உங்களுக்குக் கிளைம் நம்பரே கொடுத்துவிட்டார்கள் என்பதால் பாதி கண்டம் தாண்டியாயிற்று. அப்புறம், "இது கட்டடத்துக்கு மட்டும், சாமானுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். கிருஹ ரக்ஷாவில் கட்டடத்தைக் காப்பீடு செய்தால் அந்தத் தொகையில் 20 சதவீதத்துக்கு வீட்டுச் சாமானும் தானாகவே சேரும், உச்ச வரம்பு 10 லட்சம். வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால்தான் இருக்காது.

நாற்றம் பிடித்ததை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மெத்தையை நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு, "உடல்நலக் காரணத்தால் இன்று அப்புறப்படுத்துகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்" என்று சர்வேயருக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வெளியே எடுங்கள். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும், சுத்தம் செய்வது தப்பே இல்லை. ஆனால் ஃபிரிட்ஜையும் மெஷினையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவர் கண்ணால் பார்க்க வேண்டும். காய்ந்துவிட்டது என்று பிளக்கில் சொருகிப் பார்ப்பதும் வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டு, தண்ணீர் போனதால்தான் பழுது, சரி செய்ய இவ்வளவு ஆகும் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள்.

பில் இல்லை என்பதற்கு இவ்வளவு பயம் வேண்டாம். 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது. கல்யாண ஆல்பத்தில் சீர் வரிசை போட்டோ கட்டாயம் இருக்கும், அதில் கட்டில் பீரோ தெரியும். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கிற சீரியல் நம்பர் ஸ்டிக்கர், தவணையில் வாங்கியிருந்தால் பேங்க் ஸ்டேட்மெண்ட், இவையே போதும்.

எர்ணாவூர் செல்வம்:

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை இப்போதைக்கு அழிக்காதீர்கள், ஒயிட்வாஷ் எல்லாம் அப்புறம். டேப்பைப் பிடித்துக்கொண்டு கோட்டோடு சேர்த்து ஒவ்வொரு அறையிலும் போட்டோ எடுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுச் சுவரில் கறுப்பாக அப்பிய அந்தக் கோட்டால் ஒரு நல்லது நடந்தது, எவ்வளவு உயரம் நின்றது என்று யாரும் எங்களோடு வாதாடவில்லை. பின்பக்கச் சுவரைத்தான் "இது பழைய ஓதம்" என்று வெட்டப் பார்த்தார்கள். முந்தைய பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு எடுத்த குடும்ப போட்டோவில் அந்தச் சுவர் பளிச்சென்று இருந்தது, காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது. ரேஷன் கடையில் கொடுத்த 6000 ரூபாய் நிவாரண டோக்கனையும் ஆதாரமாக நீட்டினேன், சர்வேயர் சிரித்துவிட்டு "சென்னைக்கே கொடுத்தாங்களே சார்" என்றார். நியாயம்தான். அதைவிட மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து வாங்குகிற புகார் எண்ணும், உங்கள் தெருப் பெயரோடு அன்றைக்குப் பேப்பரில் வந்த செய்தியும் உதவும்.

சர்வேயருக்கான கட்டணம் கம்பெனி பொறுப்பு. பெட்ரோல், டிபன் என்று ஆரம்பித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

ராயபுரம் மைதிலி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது ஃபிளாட், இரண்டாவது மாடி. மேல் வீட்டு பாத்ரூமில் இருந்து ஒழுகி எங்கள் ஹால் சீலிங் உப்பிக்கொண்டு வருகிறது, போன வருஷத்தில் இருந்தே. இதற்கும் இதே பாலிசியில் கேட்கலாமா? மேல் வீட்டம்மா "எங்க வீட்ல காய்ஞ்சிதான் இருக்கு" என்கிறார்.

பெரம்பூர் பழைய ஏஜென்ட்:

மேடம், வருஷக்கணக்காக ஒழுகுவதற்குக் கிடைக்காது. பாலிசி என்பது திடீரென்று நடப்பதற்கு. அவர்கள் வீட்டுக் குழாய் ஒரு ராத்திரியில் வெடித்து உங்கள் வீடு நனைந்தால் உங்கள் பாலிசியிலேயே கேட்கலாம், மேல் வீட்டாரோடு கம்பெனி பேசிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக ஊறுவது, தேய்மானம், பராமரிக்காமல் விட்டது எல்லாம் வெளியே. அதற்கு அசோசியேஷனில் எழுத்தாகப் புகார் கொடுத்து ஒரு பிளம்பரை வைத்துச் சோதிப்பதுதான் வழி. இதைப் போய்க் கிளைமாகப் போட்டு, பிறகு நிஜமாகவே குழாய் வெடிக்கும்போது "இது போன வருஷமே இருந்ததுதானே" என்று கேட்க நாமே இடம் கொடுக்கக் கூடாது.

வியாசைவாசி:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக மெயில் யோசனைக்கு. சர்வேயர் வந்து போனார். மெயிலின் பிரிண்டை அவர் கையிலேயே வைத்திருந்தார், ஜாலியையும் வாசல்படியையும் தெருவையும் படம் எடுத்துக்கொண்டார், டிரெய்னேஜ் பேச்சே வரவில்லை. பாலிசியும் கிடைத்தது, கிருஹ ரக்ஷாதான். கட்டடம் 18 லட்சம், அப்படியென்றால் சாமானுக்கு 3.6 லட்சம், சரிதானே?

இப்போது வேறு குழப்பம். வீட்டு மதிப்பு இதைவிட அதிகமாக இருக்குமே, குறைவாகக் காப்பீடு செய்ததால் கிளைமையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். நனைந்த பத்திரத்தின் நகல், மார்க் ஷீட், என் பைக் இதெல்லாம் லிஸ்டில் போடலாமா? பணம் பேங்குக்குப் போய்விடும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

பெரம்பூர் பழைய ஏஜென்ட்:

கணக்கு சரி. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பழைய ஃபயர் பாலிசியில் நடந்தது, கிருஹ ரக்ஷாவில் அந்தக் குறைப்பு கிடையாது. அதோடு 18 லட்சம் என்பது திரும்பக் கட்ட ஆகும் செலவு, மனை விலை அதில் சேராது. வியாசர்பாடியில் கிரவுண்டு என்ன விலை போகிறது என்பதை இதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பத்திரம், மார்க் ஷீட், ரொக்கம் எதுவும் வராது. நகை போன்றவற்றுக்குத் தனியாகச் சேர்த்திருந்தால்தான். பைக்குக்கு அதன் சொந்த பாலிசியில் கேளுங்கள், தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் அதுவும் இல்லை. அதுவரை கிக்கர், ஸ்டார்ட் பட்டன் எதையும் தொடாதீர்கள், எஞ்சினில் தண்ணீர் இருக்கும்போது ஓட்டிப் பார்த்தால் இரட்டைச் செலவு. குப்பை, சேறு அள்ளிய கூலியைக் கட்டாயம் போடுங்கள், கிளைம் தொகையில் 2 சதவீதம் வரை அதற்கு உண்டு. வீடு இருக்க முடியாத நிலையில் வாடகைக்குப் போனால் ரசீது வாங்கி வையுங்கள், அதற்கும் பாலிசியில் இடம் இருக்கிறது.

பேங்க் பெயர் பாலிசியில் இருந்தால் கட்டடத்துக்கான பணம் அவர்கள் வழியாகத்தான் வரும். மேனேஜரிடம் இப்போதே பேசி, ரிப்பேருக்கு விடுவிக்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். தவணை சரியாகக் கட்டுகிறவருக்குப் பொதுவாகத் தகராறு செய்வதில்லை.

இனி நாள் கணக்கு. நான் சொன்ன அதே 2024 சுற்றறிக்கைப்படி, கிளைமை சர்வேயரிடம் ஒப்படைத்த 15 நாளில் அவர் ரிப்போர்ட், ரிப்போர்ட் வந்த 7 நாளில் முடிவு. தாண்டினால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்தில் ஒரு புகார், அல்லது அவர்களுடைய 155255-க்குப் போன். சர்வே ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள், எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்று பார்க்காமல் சண்டை போட முடியாது.

எர்ணாவூர் செல்வம்:

தொகை குறைவாக வந்தால் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்று ஒரு வவுச்சர் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே "ஆட்சேபத்துடன் பெறுகிறேன், இன்ன இன்ன பொருளுக்கு விடுபட்டுள்ளது" என்று மெயில் போட்டுவிடுங்கள். கம்பெனிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த தேதியில் இருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். நான் அங்கே போனபோது கேட்டதெல்லாம் பாலிசி நகல், கம்பெனிக்கு எழுதிய கடிதம், அவர்கள் பதில், போட்டோ, இவ்வளவுதான். போட்டோவை மட்டும் செல்லில் காட்டாமல் பிரிண்ட் போட்டு, பின்னால் எந்த அறை என்று எழுதிக்கொண்டு போங்கள்.