புதுப்பிப்பு: 1997 வோர்டெக் (ஜிஎம் நிறுவன எஞ்சின்) பிக்கப், எரிபொருள் பம்புதான் போயிருந்தது

சூடானதும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, காரணம் ரிலேவா (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பம்பா என்று முன்பு கேட்டிருந்தேனே, பம்புதான். ரிலே மாற்றியும் பலனில்லை; எஞ்சின் மேலே ஷ்ரேடர் வால்வில் (எரிபொருள் அழுத்தம் பார்க்கும் முனை) அழுத்த கேஜ் மாட்டிச் சாவியைத் திருப்பினால் 48 பிஎஸ்ஐ தாண்டவே இல்லை. இந்த 5.7 லிட்டர் வி8-க்கு 60-ஆவது வேண்டும், குறைந்தால் உள்ளே இருக்கும், எரிபொருளைத் தெளிக்கும் பாப்பெட் வால்வுகள் ஒழுங்காகத் திறக்காது. ஃபில்டர் புதுசு, டேங்க் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறது, எர்த்தும் சரி, அப்புறம் என்ன யோசனை?

பம்பு டேங்குக்குள் இருப்பதால் டேங்கை இறக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்பெட்டி போல்ட்டுகளை எடுத்து நண்பர்களோடு தூக்கி வைத்தேன், அது எவ்வளவோ மேல் (துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய இரவே எண்ணெய் அடித்துவிடுங்கள்). கனெக்டர் பின் லேசாகக் கருகியிருந்ததால் பம்போடு வந்த புது வயரையே இணைத்தேன். இப்போது அழுத்தம் 62 பிஎஸ்ஐ, சாவியை அணைத்துப் பத்து நிமிடம் ஆனாலும் பெரிதாக இறங்கவில்லை.