தீர்ப்பு வருவதற்குள் சொத்தை விற்றுவிட்டால்? முன்கூட்டியே ஜப்தி வாங்க முடியுமா?

நூல்கடைக்காரன், திருப்பூர்:
ஒரு பனியன் கம்பெனிக்கு எட்டு மாதம் நூல் கொடுத்ததில் 38 லட்சம் நிலுவை நிற்கிறது. கம்பெனி முதலாளி முதலில் "சரக்கு கப்பல் ஏறட்டும்" என்றார். பிறகு "வெளிநாட்டுப் பணம் வரட்டும்" என்றார். இப்போது போனை மகன் எடுத்து, அப்பா கோவிலுக்குப் போயிருக்கிறார் என்கிறான். தினமும் எந்தக் கோவில் என்று கேட்க நாக்கு வரை வருகிறது. போன வாரம் அவருடைய நிட்டிங் மெஷின் இரண்டு லாரி ஏறியதை எங்கள் சுமைக்காரரே பார்த்தார். காங்கயம் பக்கம் இருக்கும் காலி மனைக்கும் ஆள் தேடுவதாகத் தரகர் சொல்கிறார். தீர்ப்பு கைக்கு வரும்போது அவரிடம் ஒன்றும் மிஞ்சாது என்றால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன செய்வது? இப்போதே சொத்தை முடக்க வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா:
இருக்கிறது தம்பி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 38, விதி 5. ஆனால் கேட்டவுடன் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கடன் இருக்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. தீர்ப்பை ஏமாற்றும் நோக்கத்தில் அவர் சொத்தை விற்கிறார் அல்லது அப்புறப்படுத்துகிறார் என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். ராமன் டெக் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொன்னது: பிணையில்லாத (சொத்து ஈடு வாங்காத) கடனைப் பிணையுள்ள கடனாக மாற்றிக்கொள்ளும் கருவியல்ல இது.

ஆகவே "கேள்விப்பட்டேன்" என்று எழுதிய பிரமாணப் பத்திரம் நிற்காது. லாரி போன தேதி, பார்த்தவர் பெயர், தரகர் அனுப்பிய செய்தி, எல்லாம் வேண்டும். எந்தச் சொத்து, அதன் உத்தேச மதிப்பு என்ன என்பதையும் மனுவிலேயே எழுத வேண்டும். என் அனுபவத்தில் பாதி மனுக்கள் சர்வே எண் இல்லாமலே வரும். நீதிமன்ற ஊழியரான அமீனா எதைப் போய் ஜப்தி செய்வார்?

நீதிமன்றம் முதலில் அவரைப் பிணை கொடு, இல்லையேல் காரணம் சொல் என்று கேட்கும். அவசரமென்றால் அதற்கிடையிலேயே நிபந்தனையோடு ஜப்தி உத்தரவு தரலாம். காரணம் கேட்கும் அந்தப் படியைத் தாண்டி நேரடியாக ஜப்தி செய்தால் அது செல்லாது.

இன்னொன்று. வணிக வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்பது வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஏ பிரிவு. அவசர இடைக்கால நிவாரணம் கேட்பவருக்கு விலக்கு உண்டு. அவசரம் என்பது சமரசத்தைத் தவிர்க்கப் போட்ட வேஷம் என்று தெரிந்தால் பிராதே, அதாவது வழக்கு மனுவே, நிராகரிக்கப்படும்.

கரூர் ஜவுளிக்காரன்:
நான் இதன் மறுபக்கத்தில் நின்றவன். தரம் சரியில்லாத துணிக்கு 9 லட்சம் பிடித்து வைத்தேன். துணி கொடுத்தவர் வழக்குப் போட்டு என் வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார். உத்தரவு வந்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் வாரக்கூலி. மனைவியின் வளையலை அடகு வைத்துக் கூலி கொடுத்தேன். பிறகு வங்கி உத்தரவாதம் கட்டி ஜப்தியை நீக்கினேன். போதிய காரணமின்றி ஜப்தி வாங்கியவரிடம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் உச்சவரம்பு 50,000 ரூபாய். என் பெயர் கெட்டதற்கு அது காணுமா? உண்மையாகவே ஏமாற்றுகிறவர் மீது மட்டும் போடுங்கள் அண்ணா.

நூல்கடைக்காரன், திருப்பூர்:
உங்கள் நிலை புரிகிறது. என் நூலில் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நிலுவையை ஒப்புக்கொண்டு அனுப்பிய செய்தி என்னிடம் இருக்கிறது. குமாஸ்தா ஐயா, மனை வங்கியில் அடமானத்தில் இருந்தால்?

ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா:
அடமானம் முந்தியதென்றால் வங்கிதான் முன்னே நிற்கும். ஜப்தி பழைய உரிமைகளைத் தொடாது. ஆனால் ஜப்திக்குப் பிறகு அவர் தாமாகச் செய்யும் விற்பனை உங்களைப் பாதிக்காது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஹம்தா அம்மாள் வழக்கில், ஜப்திக்கு முன்பே எழுதிக் கையெழுத்தான கிரயம் பிறகு பதிவானாலும், வாங்கியவர் பக்கமே உச்ச நீதிமன்றம் நின்றது. இன்றே அவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாளை உங்கள் ஜப்தி அந்த மனையைப் பிடிக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு எழுதிப் போட்டுவிட்டு, நேராக வக்கீலிடம் போங்கள்.

நூல்கடைக்காரன், திருப்பூர்:
தரகரிடம் இப்போதுதான் பேசினேன். முன்பணம் மட்டுமே கைமாறியிருக்கிறதாம். பத்திரம் இன்னும் எழுதவில்லை. சர்வே எண்ணும் கிடைத்துவிட்டது. காலை முதல் வேலையாக வில்லங்கம்.